பட்டாளத்தாரின் இருமல்

அந்த மொட்டைக் கடிதம் ஒரு பழுப்பு உறையில் வந்தது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட தாள். அதிலும் பாதியைத்தான் கிழித்து எடுத்திருந்தார்கள். மீதிப் பாதி இன்னொருவரைப் பற்றி எழுதத் தேவைப்பட்டிருக்கும் என்று நான் அப்போதே நினைத்தேன். எழுத்து இடது கையால் எழுதியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஊரில் சாயாக்கடை நடத்தும் பட்டாளத்துக்காரனுக்கு க்ஷயரோகம் என்றும், இருமுகிற கையாலேயே அவன் சாயா ஆற்றுகிறான் என்றும், சர்க்கார் கண்டுகொள்ளாவிட்டால் ஊரே செத்துப்போகும் என்றும் அதில் இருந்தது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'பொதுஜனம்' என்று எழுதியிருந்தது. நாகர்கோவில் ஆபீசில் என் மேலதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்து, அந்தத் தாளிலிருந்தே நோய் தொற்றிவிடும் என்பதுபோல என் பக்கம் தள்ளினார். "உம்ம ஊர்தானே? போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதும்" என்றார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நான் திருவிதாங்கூர் சர்க்காரின் சுகாதார இலாகாவில் இருந்தேன். உத்தியோகப் பெயர் கொஞ்சம் நீளமாக இருக்கும், முடிவில் இன்ஸ்பெக்டர் என்று வரும். வேலை என்னவோ கிணற்றை எட்டிப் பார்ப்பதும், சாக்கடையை முகர்ந்து பார்ப்பதும், அம்மை குத்த வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பின்வாசல் வழியாக ஓடும் பிள்ளைகளைத் துரத்துவதும்தான். யாரையும் நம்பக்கூடாது என்பது இலாகாவில் எழுதாத சட்டம். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பார்கள். உள்ளறையில் பாயில் ஆள் சுருண்டு கிடக்கும். மூன்றே வருஷத்தில் நான் இந்த வித்தையில் நன்றாகத் தேறிவிட்டேன். ஒருவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கிணற்றைப் பார்த்தேன் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள்.

ஊரின் பெயரைச் சொல்லவில்லை. இரணியலுக்கும் குளச்சலுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அக்காவின் புருஷன் கொழும்பில் கடையில் இருந்தார். அக்கா இரண்டு பெண்பிள்ளைகளோடு வீட்டையும் தென்னந்தோப்பையும் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாளத்தார் வீடு. வீட்டின் முன்பகுதிதான் கடை. கடிதம் வரும்வரை தினமும் காலையில் நான் அங்கேதான் சாயா குடித்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். நல்ல சாயா. இருமல் சத்தமும் தினமும் காதில் விழுந்ததுதான். ஆனால் சர்க்கார் உறையில் வந்து சேரும்வரை அது எனக்கு வெறும் இருமலாகத்தான் இருந்தது.

பட்டாளத்தார் ஜெர்மன் சண்டைக்குப் போய்வந்தவர். துப்பாக்கி பிடித்தவரில்லை, காயம்பட்டவர்களை டோலியில் வைத்துத் தூக்கும் கூட்டத்தில் இருந்தவர். நாற்பது வயதுக்குள் இருக்கும், ஆனால் பத்தடி ஏற்றம் ஏறினால் நின்று வேலிக்கம்பைப் பிடித்துக்கொள்வார். இருமல் வந்தால் மூன்று நான்கு முறை வறட்டென்று இருமுவார், அதன் முடிவில் உள்ளே எங்கோ ஒரு சீட்டிச் சத்தம் கேட்கும். போனபடியே இரண்டு கையும் இரண்டு காலுமாகத் திரும்பி வந்ததுதான் அவர் செய்த குற்றம் என்று நினைக்கிறேன். ஒரு விரலாவது போயிருந்தால் ஊர் அவரை நம்பியிருக்கும். சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர் என்றார்கள் சிலர். வெள்ளைக்காரச்சி கொடுத்த சீக்கு என்றார்கள் சிலர். க்ஷயம் என்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இதற்கெல்லாம் மேலே இன்னொரு விஷயமும் உண்டு. அவர் கடையில் யார் வந்தாலும் ஒரே கிளாஸ்தான். பட்டாளத்தில் அப்படித்தான் பழகியது என்பார். சிலருக்குக் கிளாஸ் கொடுக்காமல் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கவேண்டிய காலம் அது. அதைக் குறையாகச் சொன்னால் கோர்ட்டும் வழக்குமாகப் போகும். இருமலைக் குறையாகச் சொன்னால் சுகாதாரம். கடிதம் எழுதிய கை எந்த வீட்டுக் கை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் பொருந்தியது.

விசாரணைக்குப் போன அன்று கடையில் கூட்டமில்லை. பட்டாளத்தார் என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கிளாசைக் கழுவ எடுத்தார். வேண்டாம் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, கிளாசைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன்.

"பதினாறு வருசமாச்சு சாப்" என்றார். ஊரில் மற்றவர்கள் என்னை ஏமானே என்பார்கள். அவர் மட்டும் பட்டாளத்து வழக்கத்தில் சாப் என்பார். "க்ஷயமுண்ணா பதினாறு வருசம் ஆளை விட்டு வைக்குமா? நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஆனால் கேட்க வந்தவன் நான். காகிதம் ஏதாவது உண்டா என்றேன். தகரப்பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். பட்டாளத்திலிருந்து அனுப்பும்போது கொடுத்தது. இங்கிலீஷில் 'ப்ராங்கைட்டிஸ்' என்று ஒரே வார்த்தை, ஒரு முத்திரை. அது சாதாரண நெஞ்சுச்சளிக்கு எழுதுகிற வார்த்தை. அவர் சொன்ன கதையோ வேறு.

"வெள்ளக்காரன் ஊர்ல சித்திரை மாசம் சாப். உச்சி திரிஞ்ச நேரம். காத்து நம்ம பக்கமா அடிச்சுது. பச்சையும் மஞ்சளுமா ஒரு பொகை. பொகைண்ணா மேல போவணும்லா? இது போவல்ல. வயல்ல வெள்ளம் ஏறுத மாதிரி தரையோட தரையா வந்துது. நானும் கூட்டாளியும் டோலியில ஒருத்தனைத் தூக்கிட்டு நிக்கோம். மூச்சு முட்டிச்சு. டோலியைக் கீழ வச்சேன்." அங்கே நிறுத்தினார். பார்வை என்னை விட்டு அடுப்புக்குப் போயிற்று. "கீழ வச்சிருக்கப்பிடாது. அது கீழதான் வரும். அன்னைக்கு எனக்குத் தெரியாது. நான் மேட்டுக்கு ஓடினேன். மூக்குல நனச்ச துணி கெட்டுண்ணாவ. குடிக்கவே வெள்ளமில்ல, துணி நனைக்க வெள்ளத்துக்கு எங்க போவ? மூத்திரத்துல நனச்சுக் கெட்டினோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று நினைத்தேன், அவர் பார்த்திருப்பார். புகையே போட்டிருந்தால் காகிதத்தில் புகை என்று ஏன் இல்லை என்று கேட்டேன்.

"எழுதினவரு பம்பாயில இருந்தாரு சாப். பொகை அங்கயில்லா இருந்தது."

சாமர்த்தியமான பதில் என்று மனதில் குறித்துக்கொண்டேன். சாமர்த்தியமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. டோலி விஷயத்தில் அவர் நிறுத்திய இடத்தையும் குறித்துக்கொண்டேன். பொய் சொல்லுகிறவர்கள் அப்படித்தான் ஓர் இடத்தில் தடுமாறுவார்கள் என்பது என் அனுபவம். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார். தலைக்கு மேலே முந்தானையைப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இவருக்கு வாக்கப்பட்டுப் பன்னெண்டு வருசமாச்சு ஏமானே. ஒரே தட்டுல தின்னுதோம். எனக்கு வந்துதா? எனக்க பிள்ளைக்கு வந்துதா? இந்தக் கடை இல்லேண்ணா நாங்க எங்க போவ?"

அதுவும் நியாயம்தான். அன்று எனக்கு எதிரே இரண்டு சாட்சிகள் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, கையெழுத்தில்லாத பாதித் தாளை நம்பினேன். ரிப்போர்ட்டில் நோய் என்ற இடத்துக்கு எதிரே க்ஷயம் என்று எழுதினேன். அடுத்த பத்தியில் 'உறுதியா, சந்தேகமா' என்று இருக்கும். சந்தேகம் என்று எழுதினேன். உறுதி என்று எழுதினால் பின்னால் யாராவது கேள்வி கேட்பார்கள். சந்தேகத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பத்து நாளில் உத்தரவு வந்தது. நோயில்லை என்று டாக்டர் சொல்லும்வரை கடை திறக்கக்கூடாது. அவரைச் சோதனைக்கு எழுதி அனுப்பவேண்டியவன் நான்தான். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சளியைப் பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். வாந்திபேதி வருகிறது என்ற பேச்சு கிளம்பியிருந்ததால் நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஒருவேளை நான் எழுதியது தப்பு என்று அங்கிருந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. பட்டாளத்தார் சண்டை போடவில்லை. கடையின் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினார். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தார். ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒரு பலகைக்குக் கை கொடுக்கவில்லை.

"நீங்க எழுதினது நல்லதாப் போச்சு தம்பி" என்றார் வீட்டுக்கார அக்கா. "அந்த இருமல் கேட்டா எனக்கு நெஞ்சு படபடங்கும். பிள்ளையளை வேலிப்பக்கமே விடதில்ல."

சொன்னபடியே வாந்திபேதி வந்தது. நீக்கம்பு என்பார்கள் ஊரில். அந்த வார்த்தையைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். முதலில் கடலோரத்தில், இனயம் பக்கத்தில் என்றார்கள், பிறகு பக்கத்து ஊரில். எனக்கு இரண்டு டின் வெள்ளைப் பொடி வந்தது. அந்தப் பொடியை வாளியில் கரைத்துக் கிணற்றில் இறக்கினால் நோய்க்கிருமி சாகும். ஊர்ப் பொதுக்கிணறு சாயாக்கடைக்கு எதிரே இருந்தது. நான் டின்னைத் திறந்து பொடியை வாளியில் தட்டினேன். குப்பென்று நெடி கிளம்பியது. சாத்திய கடைக்கு முன்னால் குந்தியிருந்த பட்டாளத்தார் தலையைத் தூக்கினார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எழுந்தார், தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை, கிணற்றடியில் ஒரு பெண் நிறைத்து வைத்திருந்த குடத்துக்குள் அப்படியே முக்கினார். அதை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு ஓடினார். குளத்தங்கரை மேட்டைப் பார்த்து ஓடினார். "மேட்டுக்கு ஏறுங்க, கீழ நிக்காதீங்க, அதே மணம், அதே மணம்" என்று கத்திக்கொண்டே போனார்.

கிணற்றடி ஒரு நிமிஷத்தில் காலியானது. பட்டாளத்தாரை ஊர் எதிலும் நம்பியதில்லை. ஆனால் சர்க்கார் விஷம் போடுகிறது என்று அவர் ஓடிக்காட்டியபோது மட்டும் எல்லோரும் நம்பினார்கள். அன்று மாலைவரை பெண்கள் குடங்களோடு குளத்துக்குத்தான் போனார்கள். எருமை குளிக்கிற குளம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடையைச் சாத்திய ஆத்திரத்தில் பழி தீர்க்கிறான் என்றே முடிவு செய்தேன். அதோடு இன்னொன்றும் தோன்றியது: பத்தடி ஏறமுடியாத ஆள் குளத்தங்கரை மேட்டுக்கு எப்படி ஓடினான்? அப்படியானால் இருமலே நடிப்பு. காலையில் அவர் எனக்கு ஊருக்கு நோய் பரப்பும் க்ஷயரோகி. மத்தியானம் நோயே இல்லாத வேஷக்காரன். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மேட்டில் போய்ப் பார்த்தபோது மண்ணில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். இது விஷமில்லை, மருந்து, தண்ணீரில் கலந்தால் ஒன்றும் செய்யாது, உன்னால் ஊர் நீக்கம்பில் போகப்போகிறது என்றேன். அவர் மூச்சு திரும்பும்வரை காத்திருந்து, "வெள்ளத்தைக் குடிக்காண்டாம்ணு நான் சொல்லல்ல சாப். மேட்டுக்குப் போண்ணுதான் சொன்னேன்" என்றார். பிறகு, "மருந்துண்ணு உறப்பாத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். துவர்த்தைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, பெண்கள் குளத்துக்குப் புறப்படும் நேரத்தில், பட்டாளத்தார் தானாகவே கிணற்றடிக்கு வந்தார். நெடி இன்னும் லேசாக இருந்தது. கிணற்றுக் கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையைக் குவித்து, எல்லோரும் பார்க்கக் குடித்தார். இருமல் வந்தது, நின்றதும் மறுபடி குடித்தார். "நான் அறியாமச் சொல்லிப்போட்டேன். இது மருந்து. வெள்ளம் கோருங்க" என்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராகக் கிணற்றுக்குத் திரும்பினார்கள். எங்கள் ஊரில் அந்த வருஷம் ஒருவரும் நீக்கம்பில் போகவில்லை. அன்று கிணற்றடியிலிருந்து போகும்போது பட்டாளத்தார் என்னிடம் வந்து, "இனி கடையைத் திறக்கட்டுமா சாப்?" என்று கேட்டார். உத்தரவு வரட்டும் என்றேன். நான் எழுதாமல் உத்தரவு எங்கிருந்து வரும்?

மீந்த பொடியை ஆபீசில் சேர்த்திருக்கவேண்டும். நான் அதை டின்னோடு என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். ஆடி மாதம், நல்ல சாரல். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாயசம் காய்ச்ச அக்கா வீட்டு உருளியைத்தான் கேட்பார்கள். நாலு பேர் தூக்கும் வெண்கல உருளி. அது ஒரு வருஷக் கறுப்பேறி மூலையில் கிடந்தது. என் வேட்டியில் அந்தப் பொடி தெறித்த இடமெல்லாம் பளீரென்று வெளுத்துப்போயிருந்ததை அக்கா துவைக்கும்போது பார்த்திருக்கிறார். துணியை வெளுக்கிற பொடி வெண்கலத்தை வெளுக்காதா என்று தோன்றியிருக்கிறது. நம் பெண்கள் வெண்கலத்தைப் புளி போட்டல்லாமல் தேய்ப்பார்களா? உருளியில் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, அதன் மேலே இரண்டு கை பொடியை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரோடு குனிந்துவிட்டார். சாரல் அடிக்கிறது என்று அடுக்களைக் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. புளியும் அந்தப் பொடியும் சேர்ந்தால் என்ன கிளம்பும் என்பது எனக்கே தெரியாது, படித்தவன் நான்.

பிள்ளைகள் அலறிய சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். அக்கா உருளிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். உருளி வாயிலிருந்து மாங்காய்த் தோல் நிறத்தில் ஏதோ வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. மேலே எழவில்லை. அதைப் பார்த்த பிறகும் நான் அக்காவைத் தூக்கக் குனிந்தேன். ஒரே மூச்சுதான் இழுத்தேன். நெஞ்சுக்குள் தீக்கங்கை அள்ளிப் போட்டதுபோல இருந்தது. கண் தெரியவில்லை. மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றுவிட்டது.

"குனியாதீங்க சாப். நிமுந்து நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. வேலியைப் பிய்த்துக்கொண்டு பட்டாளத்தார் வந்திருந்தார். முகத்தில் ஈரத் துவர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. என் பிடரியைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார். அக்காவின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து, தலை மேலே இருக்கும்படி நிமிர்த்தி, பின்புறமாகவே நடந்து வெளியே இழுத்து வந்தார். ஓர் இடத்தில்கூடக் கீழே வைக்கவில்லை. மழையில் தோப்புக்கு நடுவே இருந்த மேட்டுவரைக்கும் அப்படியே கொண்டுபோனார். "படுக்க வைக்காண்டாம். தென்னையில சாத்தி இருத்துங்க. ஒருத்தரும் உள்ள போவப்பிடாது, கதவு தொறந்தே கெடக்கட்டும்" என்றார். அதற்கு மேல் அவரால் பேசமுடியவில்லை. இன்னொரு தென்னையில் தானே சாய்ந்து உட்கார்ந்தார். டோலியைக் கீழே வைத்த கதையில் அவர் ஏன் நிறுத்தினார் என்பது அந்த மழையில் எனக்குப் புரிந்தது. வெட்கம் தாங்கமுடியவில்லை.

அக்கா பிழைத்தார். அவருக்கு இருமல் வந்தது, எனக்கும் வந்தது. வறட்டென்று மூன்று நான்கு முறை, முடிவில் ஒரு சீட்டி. முன்னறையில் நான் இருமினால் உள்ளறையில் அக்கா இருமுவார், வேலிக்கு அப்பால் பட்டாளத்தார் இருமுவார். மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லமுடியாது. பத்து நாள் பட்டாளத்தார் பாயை விட்டு எழவில்லை. பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை யோசித்துக்கொண்டு போனவனிடம் அவர் கேட்டார்: "ஊசி வச்சுக் குத்துத மாதிரி இருக்கா சாப்? பயப்படாண்டாம். நீங்க கொஞ்சந்தான் குடிச்சிய. ரெண்டு மாசத்துல போவும்."

ஊர் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தது. அக்காவைத் தொட்டுத் தூக்கினார் அல்லவா, அதனால்தான் அக்காவுக்கும் க்ஷயம் தொற்றிவிட்டது, அதோ இன்ஸ்பெக்டருக்கும் தொற்றிவிட்டது என்றார்கள். கொடைக்கு அக்கா வீட்டு உருளியை வாங்க அந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. "நான் போனா கெணத்தடியில ஒதுங்கி நிக்காளுவ தம்பி" என்று அக்கா சொல்லி அழுதார். "நானும் அவருக்க வீட்டுக்காரிய அப்படித்தானே நிறுத்தினேன்."

இனிமேல் தாமதித்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. பட்டாளத்தாரை வில்வண்டியில் வைத்து நானே நெய்யூருக்குக் கூட்டிப்போனேன். மூன்று முறை சளியைச் சோதித்தார்கள். க்ஷயம் இல்லை; பழைய ரணம் ஆறித் தழும்பாகிப்போன நெஞ்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாகர்கோவிலில் என் மேலதிகாரி, "அப்போ ஏன் சந்தேகம்னு எழுதினீர்?" என்று கேட்டார். ஒரு மாதம் நடந்து உத்தரவை ரத்து செய்ய வைத்தேன். ஆனால் காகிதத்தை யார் படிக்கப்போகிறார்கள்? சர்க்கார் ஆள் எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கடையில் உட்கார்ந்து முதல் சாயாவைக் குடிக்கவேண்டும். அதைப் பார்த்தால்தான் ஊர் வரும். பட்டாளத்தாரின் மனைவியிடம் அப்படியே சொல்லி வைத்தேன். அவர் அன்று முழுக் கடையையும் சாணம் போட்டு மெழுகியிருந்தார்.

சந்தை நாளாகப் பார்த்துத் திறந்தோம். கிணற்றடியிலும் சாலையிலுமாக முப்பது பேர் நின்றிருப்பார்கள். கடைக்குள் ஒருவரும் இல்லை. நான் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்து, உத்தரவை உரக்கப் படித்தேன். பட்டாளத்தார் நல்ல சட்டை போட்டிருந்தார். நிதானமாகச் சாயா ஆற்றி, நுரை ததும்ப ஒரு கிளாஸ் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முப்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கிளாசைத் தூக்கினேன். தூக்கிய கை வாய்க்கு நேரே நிற்கவில்லை. அது பாட்டுக்கு மேலே போயிற்று. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நீக்கம்பு ஊர்களில் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைக்காதே என்பது இலாகாவில் எங்களுக்குச் சொல்லித்தந்தது. மாதக்கணக்கில் அப்படியே குடித்திருந்தேன். அதனால்தான் என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். தண்ணீரை அண்ணாந்து குடிப்பார்கள். கொதிக்கிற சாயாவை யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. தொண்டை வெந்து, கண்ணில் நீர் வந்தது. கிளாசைக் கீழே வைத்தபோதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். பட்டாளத்தார் கிளாசை எடுத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னும் கொஞ்சம் ஆத்தித் தாறேன் சாப், தொண்டை வெந்துபோவும்" என்றார். அவர் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். கடை நடந்தது, நான் அந்த ஊரிலிருந்து மாற்றலாகும்வரை நன்றாகவே நடந்தது. ஆனால் முதல் நாள் சர்க்கார் எப்படிக் குடித்ததோ அப்படியே ஊரும் குடித்தது. சாயாவைக் கேட்டு வாங்கி, ஆறும்வரை காத்திருந்து, ஆறிப்போனதை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு போனார்கள். அக்கா மட்டும் வேலி வழியாக அவர்கள் வீட்டுக்குப் போய், அடுக்களையில் உட்கார்ந்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு வருவார். அதை ஊர் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. அந்த ரெண்டு மாச இருமல், அவர் சொன்னபடியே ரெண்டு மாசத்தில் போய்விட்டது. நாகர்கோவிலில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கிளாசில் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். எத்தனை பேர் வாய் வைத்ததோ, அப்பாவுக்கு இலாகாவில் சொல்லித்தந்ததெல்லாம் மறந்துபோச்சு என்று மகன் திட்டுவான். திட்டட்டும் என்று கடைசிச் சொட்டுவரை வாய் வைத்தே குடிக்கிறேன். பட்டாளத்தாருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.